எலும்பு தெரிந்த கன்றுகளும் டாக்டர் முத்துக்கருப்பனும்

செய்தி வந்தபோது நான் பசறை பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். எங்கள் மிருக வைத்திய அலுவலக ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மலர்வளையப் படம். அதன் கீழே இரண்டு வரிகள்: "மிருக வைத்தியர் முத்துக்குமார் அவர்கள் இன்று காலை காலமானார். ஆழ்ந்த அனுதாபங்கள்." யார் இந்த முத்துக்குமார் என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். அடுத்ததாக ஒரு புகைப்படம் வந்தது. அகன்ற நெற்றி, சிரிக்க மறுக்கும் உதடுகள். முத்துக்கருப்பன்.

தவறான பெயருக்குக் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள் வந்து விழுந்துகொண்டிருந்தன. ஒருவரும் பெயரைத் திருத்தவில்லை. நானும் கூப்பிய கைகளைப் போட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, வண்டி இரண்டு வளைவுகள் திரும்பிய பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. திருத்தி எழுதலாமா என்று நினைத்தேன். எழுதவில்லை. அவர் விஷயத்தில் நான் வாய் திறக்காமல் விட்டது அது முதல் தடவை அல்ல.

இதைப் படிக்கிறவர்களில் அவரைத் தெரிந்தவர்கள் பலர் இருப்பீர்கள். அவரோடு வேலை செய்தவர்கள், அவரிடம் திட்டு வாங்கியவர்கள், அவர் பிரசவம் பார்த்த பசுவின் பாலை இன்றும் கறக்கிறவர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அவரைப் பற்றி உங்களில் பலர் நம்பிக்கொண்டிருக்கும் ஒரு விஷயம் பொய். அந்தப் பொய்யில் எனக்குப் பங்கு உண்டு.

அவர் அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர், அம்மா கொழுந்து எடுத்தவர். பல்கலைக்கழகத்தில் யாரோ ஒருவர், பெயரின் பின்பாதியை எடுத்துவிட்டால் முன்னேறுவதற்கு வசதியாக இருக்கும் என்று அக்கறையோடு சொன்னாராம். இதை அவர் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் போகும்போது என்னிடம் சொன்னார். "காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல நின்னுக்கிட்டு எங்கப்பா எல்லார்கிட்டயும் என் பேரச் சொல்லித்தான் பீத்திக்குவாரு. நான் பேர மாத்திட்டா, அவரு யாரப் பத்திப் பீத்துனதா ஆகும் ராஜண்ணே?" கடைசியில் அந்தப் பெயரை ஒரு கைத்தொலைபேசிச் செய்தி மாற்றிவிட்டது.

என்னை அவர் ராஜண்ணே என்றுதான் கூப்பிடுவார். நான் அவரைவிட இரண்டு வயது மூத்தவன். அலுவலகத்தில் ஒப்பந்தத்தில் இருந்த கள உதவியாளன். மாட்டைப் பிடிப்பது, நாடாவால் நெஞ்சைச் சுற்றி அளந்து எடை கணிப்பது, மருந்து புகட்டுவது என் வேலை. அவருக்கு முன்பு இருந்த வைத்தியர்கள் என்னை "ஏய்" என்றார்கள், அல்லது கையைத் தட்டினார்கள்.

இரங்கல் கூட்டத்தில் ஒருவர், அவர் எல்லோருக்கும் இனியவராக இருந்தார் என்றார். அதுவும் பொய். அவர் இனிய மனிதர் அல்ல. முன்கோபி. தோட்டத்துத் தொரை பங்களாவில் தேநீர் கொடுத்தால் குடிக்காமல் எழுந்துவிடுவார். மேலதிகாரிகளின் தொலைபேசி அழைப்பை வேலை முடியும்வரை எடுக்க மாட்டார். மாட்டை அடிக்கிறவனைக் கண்டால் அவன் வயது, அந்தஸ்து எதையும் பார்க்காமல் வாயில் வந்ததைப் பேசுவார். "மாடு வாய் தொறந்து பேசாதுங்கிற தைரியத்துலதான் நாம இம்புட்டுப் பொய் சொல்றோம்" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

தோட்டத்துப் பெண்களுக்கும் அவர்மேல் முதலில் கோபம்தான் இருந்தது. காரணம், கறக்கிற நேரத்தில் போய் நிற்பார். மாரியாயி அக்காவின் கொட்டகையில் அப்படித்தான் ஒருநாள் போய் நின்றார். பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷன் அது. மாரியாயி கொழுந்து எடுக்கிறவர். புருஷன் இல்லை. ஒரு பசு, அதன் பெண் கன்று செவலை, வீட்டில் மகள் வழிப் பேரப்பிள்ளைகள் இருவர். பெரட்டுக்குப் போகும்முன் கறந்து முடிக்க வேண்டிய அவசரத்தில் இருந்தார். கன்று ஓர் ஓரத்தில் குட்டைக் கயிற்றில் கட்டிக் கிடந்தது. சுரப்பு இறங்குவதற்கு மட்டும் இரண்டு தரம் முட்ட விட்டு உடனே இழுத்துக் கட்டிவிட்டார்.

"எக்கா, நாலு காம்பையும் கறந்துட்டா கன்னு எதக் குடிக்கும்?" என்று கேட்டார் டாக்டர்.

"அதான் புல்லு போடுறேன்ல சார்."

"மூணு மாசக் கன்னுக்குப் புல்லு மட்டும் போதுமா? உங்க பேத்திக்கு மூணு மாசத்துல கீரையவா குடுத்தீங்க?"

மாரியாயி கையை நிறுத்தாமலேயே சொன்னார். "பால் வண்டிக்கு ஊத்தாட்டி கடைக்கு என்னத்தக் கொண்டுபோறது சார்? எம் பேத்தியே பால் இல்லாத சாயத்தண்ணிதான் குடிக்குது. கன்னு என்ன, அதவிட ஒசத்தியா?"

டாக்டர் வெளியே வந்து பூட்ஸைக் கழுவிக்கொண்டே, "ஒரு காம்பு. கன்னுக்கு ஒரே ஒரு காம்பு விட்டாப் போதும். அதக்கூடக் கேக்குறதுக்கு எனக்கு வாய் வரல பாருங்க" என்றார். ஆனால் அடுத்த வாரமே மறுபடியும் போய்க் கேட்டார். எல்லா லயங்களிலும் கேட்டார். "ஒத்தக் காம்பு டாக்டர் வாறாரு" என்று பெண்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். சிலர் ஒரு காம்பை விடவும் தொடங்கினார்கள்.

அப்போதுதான் அந்தக் கெட்ட ஆண்டு வந்தது. பால்மாவுக்கும் எரிபொருளுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்ற ஆண்டு. கடைகளில் பால்மா இல்லாததால் பசும்பாலுக்குக் கிராக்கி ஏறியது. புண்ணாக்கும் மாட்டுத் தீவனமும் மலைக்கு ஏறி வரவே இல்லை. ஒரு சொட்டு விடாமல் பால் வண்டிக்குப் போனது. லயத்தில் பிள்ளைகள் ரொட்டியைச் சாயத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டார்கள். கொட்டகையில் கன்றுகள் முற்றிய புல்லையும், கிடைத்த அட்டைப்பெட்டிகளையும் மென்றன. வயிறு மட்டும் பானைபோல் உப்பி, விலா எலும்பு ஒவ்வொன்றும் எண்ணும்படி தெரிந்தது. ரோமம் சிலிர்த்து நிறம் வெளுத்துப்போனது.

அந்த நேரம் பார்த்து, யாரோ நன்கொடையாகக் கொடுத்த குடற்புழு மருந்து கேன் கேனாக வந்து இறங்கியது. டிவிஷன் வாரியாகக் கன்றுகளின் பட்டியல் தயாரானது. மாத முடிவுக்குள் பட்டியலிலுள்ள ஒவ்வொரு கன்றுக்கும் மருந்து புகட்ட வேண்டும். புகட்டும்போது படம் எடுத்து அனுப்ப வேண்டும். நன்கொடையாளர்களுக்குப் படம் முக்கியம்.

மேல் டிவிஷனின் முறை வந்த அன்று, தொழிலாளர்கள் கொழுந்து எடுக்க மலைக்குப் போயிருந்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டு பெரியவர்கள் கோயில் திடலுக்குக் கன்றுகளைப் பிடித்து வந்தார்கள். டாக்டர் ஒவ்வொரு கன்றின் விலாவிலும் கையை வைத்து, கண் இமையை விரித்துப் பார்த்துக்கொண்டே போனார். ஒன்பது கன்றுகளைத் தனியாக வேலியோரம் கட்டச் சொன்னார். செவலையும் அதில் ஒன்று. பிறகு என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

"இந்த ஒன்பதுக்கும் இன்னைக்கு மருந்து வேணாம் ராஜண்ணே. எலும்பு தெரியுது. மொதல்ல தீனி. தீவனம் கேட்டு நான் எழுதுறேன். ரெண்டு மூணு வாரம் கழிச்சுப் பாத்துக்குவோம்."

"லிஸ்ட்ல இருக்கே சார்?"

"லிஸ்ட்டு கன்னு இல்ல. இதுதான் கன்னு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எல்ல ஊர்ப் பக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பசுவுக்குக் கன்று குறுக்கே நின்றுவிட்டது. மோட்டார் சைக்கிளில் மிஞ்சியிருந்த எரிபொருளைக் குலுக்கிப் பார்த்துவிட்டு அவர் கிளம்பிப் போனார். மற்றக் கன்றுகளுக்கு நான் மருந்து புகட்டி முடித்தேன். அப்போது அலுவலகத்திலிருந்து மேலதிகாரி பேசினார். எத்தனை முடிந்தது என்று கேட்டார். ஒன்பது மிச்சம் என்றேன். டாக்டர் வேண்டாம் என்று ஒதுக்கியிருக்கிறார் என்பதையும் சொன்னேன். சொன்னேன் என்பதை இங்கே அழுத்தி எழுதுகிறேன்.

"அதையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். பட்டியல் இன்னைக்கு முழுசா வரணும். உங்க நிரந்தர நியமனக் கடிதம் என் மேசையிலதான் இருக்கு, தெரியுமில்ல?" என்றார்.

நான் ஒன்பது கன்றுகளுக்கும் மருந்து புகட்டினேன். நாடாவால் அளந்து, அட்டவணையைப் பார்த்து, எடைக்கு உரிய அளவுதான் கொடுத்தேன். ஒரு சொட்டுக் கூடவில்லை. படமும் எடுத்தேன். செவலையின் தாடையைத் தூக்கிப் பிடித்தபடி நான் நிற்கும் படம் இன்னும் எங்கோ ஒரு கோப்பில் இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் செவலைக்கு வாயில் நுரை தள்ளியது. கால்கள் வெடவெடத்தன. பிறகு அப்படியே மடங்கி விழுந்தது. அதற்கடுத்தது பக்கத்துக் கன்று. பெண்கள் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு இறங்கி வருவதற்குள் மூன்று கன்றுகள் செத்துப்போயின. மறுநாள் காலையில் இன்னும் இரண்டு. ஒன்பதில் நான்கு மட்டும் தப்பின. அதே மருந்தை அதே கணக்கில் குடித்த மற்றக் கன்றுகள் எல்லாம் திடலில் புல் மேய்ந்துகொண்டிருந்தன.

டாக்டர் காலையில் வந்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"ஒதுக்கி வச்சதுலயா?"

"ஆமா சார்."

அவர் கையுறையை மாட்டிக்கொண்டு, தார்ப்பாய் விரித்து, செவலையை அறுத்துப் பார்த்தார். ஈரலை வெளியே எடுத்துக் காட்டினார். கருஞ்சிவப்பாக இருக்க வேண்டியது வெளிறிய மஞ்சளாக, விரல் வைத்தால் பதியும்படி இருந்தது. ஐந்து கன்றுகளின் ஈரலிலும் துண்டு வெட்டி எடுத்துக்கொண்டார். பதுளையில் மீன் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் ஒருவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு பெட்டி நிறைய ஐஸ் கொடுத்தார்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நன்றாகத் தின்று வளர்ந்த கன்றின் ஈரல் ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது. அதற்காக ஒரு கன்றைக் கொல்ல அவருக்கு மனமில்லை. இரண்டு நாள் கழித்து, எல்ல வீதியில் லொறி அடித்து ஒரு கன்று செத்துக் கிடப்பதாகத் தகவல் வந்தது. ஏறக்குறைய அதே வயது. அங்குள்ள விடுதி ஒன்றின் பின்புறம், மிஞ்சிய சோறும் பருப்பும் தின்று, தாய்ப்பாலும் குடித்து வளர்ந்தது. சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு டாக்டர் வீதியோரத்திலேயே மண்டியிட்டு அதை அறுத்தார். சுற்றுலா வந்த வெள்ளைக்காரர்கள் சிலர் நின்று படம் எடுத்தார்கள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த ஈரல் கறுத்துச் சிவந்து பளபளவென்று இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, "வெள்ளைக்காரன் எச்சில் தின்ன கன்னோட ஈரலப் பாருங்க ராஜண்ணே" என்றார். சிரித்தாரா என்று எனக்கு நிச்சயமில்லை.

அலுவலக வாகனத்துக்கு எரிபொருள் இல்லை என்றார்கள். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் மாறி பஸ் மாறித் தான் படித்த பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடத்துக்குப் போனார். அங்கே அவருடைய பழைய நண்பர் ஒருவர் இருந்தார். சில வாரங்களில் முடிவு வந்தது. மருந்தை உடைக்கும் ஈரல் நொதியங்களின், அதாவது என்சைம்களின், வேகம், அந்த ஐந்து கன்றுகளிலும் மிகவும் தாழ்ந்து கிடந்தது. எல்ல வீதிக் கன்றில் அது சரியாக இருந்தது. ஆறு துண்டு ஈரலை வைத்து எதையும் முடிவாகச் சொல்ல முடியாது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். "அஞ்சுக்கு ஒண்ணு. இத ஆராய்ச்சின்னு சொல்ல முடியாது. ஆனா வெளிநாட்டுல எலிக்குஞ்சுல செஞ்சு பாத்ததும் இதத்தான் சொல்லுது. புதுசா நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல. எல்லாருக்கும் தெரிஞ்சத எழுதப்போறேன், அவ்வளவுதான்."

எழுதுவதற்கு முன் அவர் மாரியாயியிடம் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். லயத்து வாசலில் நின்றபடியே விளக்கினார். அதைப்போல் தெளிவாக ஒருவர் அந்த விஷயத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை.

"எக்கா, ஈரல்ங்கிறது நம்ம தேயிலை ஃபேக்டரி மாதிரின்னு வச்சுக்குங்க. மருந்துங்கிறது உள்ள வாற கொழுந்து. கொழுந்து வந்தா வேல செய்ய ஆளு வேணும். ஈரலுக்குள்ள வேல செய்யிற ஆளுக்குப் பேருதான் நொதியம். அந்த ஆளுங்களப் பாலு, பருப்பு, முட்டை, புண்ணாக்கு, இதுல இருக்கிற புரதத்த வச்சுத்தான் ஒடம்பு செய்யுது. புரதம் இல்லாட்டி ஃபேக்டரி இருக்கும், ஆளு இருக்காது. வந்த மருந்து ஒடைஞ்சு வெளிய போகாம ரத்தத்துலயே தங்கிரும். மத்தக் கன்னுக்கு மருந்தா இருந்தது உங்க கன்னுக்கு வெசமாப் போச்சு. அதுலயும் கன்னுன்னா இன்னும் மோசம். பெரிய மாட்டுக்கு ஏற்கெனவே ஆளு சேந்திருக்கும். கன்னுக்கு இப்பத்தான் சேரணும்."

மாரியாயி நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே பேரப்பிள்ளைகள் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பி அவர்களைப் பார்த்தார்.

"அப்ப இதுக ஈரலு?"

டாக்டரும் உள்ளே எட்டிப் பார்த்தார். "அதையும்தான் எழுதப்போறேன்" என்றார்.

"சரி சார். இம்புட்டுத் தெரிஞ்ச நீங்க, எங் கன்னுக்கு ஏன் அந்த மருந்தக் குடுத்தீங்க?"

இந்த இடத்தை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். டாக்டர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் பேசுவதற்காகக் காத்திருந்தார். கள உதவியாளன் தானாகச் சொல்ல வேண்டிய விஷயம் அது, வைத்தியர் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நான் வாசலில் கிடந்த கொழுந்துக் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாரியாயி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அறிக்கை போனது. மெலிந்த கன்றுகளுக்கு முதலில் புரதத் தீவனம், பிறகுதான் மருந்து என்று எழுதியிருந்தார். கன்றுகள் வளரும் அதே கூரையின் கீழ் பிள்ளைகளும் வளர்கிறார்கள், இந்த லயங்களில் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று சுகாதாரத் தரப்பு வந்து பார்க்க வேண்டும் என்றும் கடைசியில் ஒரு பத்தி சேர்த்திருந்தார். கன்று செத்ததுகூட மேலிடத்தில் பெரிதாகத் தெரியவில்லை. அந்தக் கடைசிப் பத்திதான் சுட்டது. தோட்ட நிர்வாகத்துக்குப் பிடிக்கவில்லை. நன்கொடையாளர்களுக்குப் போகும் கோப்பில் அப்படி ஒரு பத்தி இருக்கக் கூடாது. விசாரணை வைத்தார்கள்.

விசாரணையில் என்னிடம் கேட்டவர், அன்று தொலைபேசியில் பேசிய அதே மேலதிகாரி.

"ஒன்பது கன்றுகளுக்கு மருந்து கொடுக்க வேண்டாம் என்று வைத்தியர் உங்களுக்கு அறிவுறுத்தல் தந்தாரா?"

அவருக்கு விடை தெரியும். எனக்கும் தெரியும். எதிரில் உட்கார்ந்திருந்த டாக்டருக்கும் தெரியும்.

"அப்படி ஒன்றும் சொல்லவில்லை" என்றேன். எழுதிக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டேன்.

டாக்டர் மறுக்கவில்லை, வாதாடவில்லை. அவருக்கு வேறு சாட்சி யாரும் இல்லை. ஒரேயொரு சாட்சி நான்தான். கடமையில் கவனக்குறைவு என்று எழுதி, வறண்ட பிரதேசத்துக்கு இடமாற்றம் கொடுத்தார்கள். போகிற அன்று அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். என் முறை வந்தபோது, "நியமனக் கடிதம் வந்துருச்சா?" என்று கேட்டார். "வந்துருச்சு சார்" என்றேன். "நல்லது" என்றார். அந்த ஒரு சொல்லை அவர் கிண்டலாகச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ இலேசாக இருந்திருக்கும்.

அதன்பிறகு மேல் டிவிஷனில் அவர் பெயர் மாறியது. ஒத்தக் காம்பு டாக்டர் என்றவர்கள், மருந்து குடுத்துக் கொன்ன டாக்டர் என்றார்கள். என் காதுபடச் சொன்னார்கள். நிரந்தர உத்தியோகத்தனாக, அலுவலகச் சீருடையில் நின்று, நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மாரியாயி பசுவை விற்றுவிட்டார். அடுத்த ஆண்டு ஒரு சுற்றறிக்கை வந்தது. மெலிந்த, போஷாக்குக் குறைந்த கன்றுகளுக்குக் குடற்புழு மருந்து தருவதைத் தள்ளிப்போட்டு முதலில் தீவனம் தரவேண்டும் என்றிருந்தது. ஏறத்தாழ அவருடைய வாக்கியங்களேதான். அவர் பெயர் எங்கும் இல்லை. பிள்ளைகளைப் பற்றிய பத்தியும் இல்லை.

போன வருடம் அவர் திரும்பி வந்தார். இதய நோய். மருத்துவ விடுப்பில், மாதத்துக்கு ஒருமுறை பதுளையில் கிளினிக்குக்கு வருவார். ஒருநாள் வீதியில் அவரைப் பார்த்துவிட்டேன். மெலிந்து, சட்டை தோளிலிருந்து தொங்கியது. அவரே என்னைக் கூப்பிட்டார். பக்கத்திலிருந்த தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். பிள்ளைகளின் படிப்பு, ஒப்பந்த வேலையின் பயம், அந்தத் தொலைபேசி அழைப்பு. கடைசியில், "என்னைய மன்னிச்சிருங்க சார்" என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. மாரியாயிக்குத்தான் தெரியாது. அங்க போயிச் சொல்லுங்க."

"சொல்றேன் சார். ஆனா நீங்க…"

"மன்னிச்சிட்டேன்னு நான் சொல்ல மாட்டேன் ராஜண்ணே. சொன்னேன்னா, இன்னைக்கு வீட்டுக்குப் போயி நல்லாத் தூங்கிருவீங்க. நாளைக்கு மறந்துருவீங்க."

பிறகு சாதாரணமாக என் மூத்த மகளின் பரீட்சை முடிவைப் பற்றி விசாரித்தார். என்னைக் காசு கொடுக்க விடாமல் எழுந்து போனார்.

நான் மாரியாயியிடம் போகவில்லை. பசறைக்கு மேலே அந்தத் தோட்டத்துக்கு வேலையாகப் பலமுறை போனேன். லயத்தைத் தாண்டிப் போனேன். இன்றைக்கு மழை, அடுத்த தடவை, அவர் மலையில் இருப்பார், என்று ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு காரணம் கிடைத்தது. அப்படியே மாதங்கள் போயின. பிறகு அந்த வாட்ஸ்அப் செய்தி வந்தது.

அப்புத்தளையில் அவர் பிறந்த லயத்துக்குப் பக்கத்திலேயே கட்டியிருந்த சிறிய வீட்டிலிருந்து அவரைத் தூக்கினார்கள். பனி இறங்கி, பந்தலுக்குள்ளேயே முகம் தெரியாமல் இருந்தது. மேலதிகாரி மலர்வளையத்தோடு வந்து, துறைக்குப் பேரிழப்பு என்று பேசினார். அடுத்து, அவரோடு அதிக காலம் பணியாற்றியவர் என்று சொல்லி என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்று, அவர் கடமை தவறாதவர் என்று சொன்னேன். அந்த வாக்கியத்தைச் சொல்லும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அதற்குமேல் பேச்சு வராமல் உட்கார்ந்தேன். துக்கம் தாங்காமல் உட்கார்ந்ததாகப் பக்கத்திலிருந்தவர் என் முதுகைத் தடவினார்.

மாரியாயி அக்கா வந்திருந்தார். அவ்வளவு தூரம், இரண்டு பஸ் மாறி. பெண்கள் பக்கத்தில் கடைசியாக, அழாமல் உட்கார்ந்திருந்தார். சடலம் போன பிறகு அவரிடம் போனேன்.

"எக்கா, அன்னைக்கு செவலைக்கு மருந்து குடுக்க வேணாம்னுதான் டாக்டர் சொல்லிட்டுப் போனாரு. அவரு சொன்னத மீறிக் குடுத்தது நான்தான். விசாரணையிலயும் பொய் சொன்னேன்."

அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருக்கலாம். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"நாலு வருசமா அந்த மனுசனுக்குச் சாபம் விட்டேனே" என்றார். "கோயில்ல நின்னு விட்டேனே. நெஞ்சு வெடிச்சுச் சாவணும்னு வாயாலயே சொன்னேனே. செத்துட்டாருன்னதும், எஞ் சாபந்தான் புடிச்சிருச்சோன்னு பயந்துதான் பாக்க வந்தேன். இப்ப வந்து சொல்றியேப்பா. நான் எங்க போயி அதத் திருப்பி எடுப்பேன்?"

அவர் பந்தலைவிட்டு இறங்கி, பனிக்குள் பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார். கூடப் போக எனக்குத் தைரியம் வரவில்லை.

டாக்டர் முத்துக்கருப்பனின் மனைவியிடம் இந்த எழுத்தைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்கிறேன். அவர் எதையும் மாற்றச் சொல்லவில்லை. என்னை உட்காரவும் சொல்லவில்லை. இதனால் என் வேலைக்கு என்ன வரும் என்று கேட்கிறார்கள். வரட்டும்.

அவரைத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அவர் விட்டுச் சென்றது ஏதாவது இருக்கும். அவர் பேச்சு, அவர் கோபம், அவர் காப்பாற்றிய மாடு. என்னிடம் இருப்பது, அவர் எனக்குத் தர மறுத்த மன்னிப்பு. அதை அவர் அன்று தேநீர்க் கடையில் தந்திருந்தால், இதை நான் ஒருநாளும் எழுதியிருக்க மாட்டேன்.